கர்ப்பத்தில் ஒருக்களித்து, பிரசவத்தில் மல்லாந்து: இது யாருடைய வசதி?

ஜங்லிகாட்டின் தமிழ்க் குடும்பங்களில் நிறைமாதப் பெண்ணுக்கு இரண்டு கட்டளைகள் இடப்படுகின்றன. மல்லாந்து படுக்கலாகாது, புரள்வதானால் எழுந்து உட்கார்ந்தே திரும்பவேண்டும், இல்லையேல் குழந்தைக்குக் கொடி சுற்றும். பின்னதற்கு ஆதாரமில்லை. கொடி சுற்றுவது குழந்தையின் அசைவால். தாய் புரள்வதால் அன்று. முன்னதோ முழு உண்மை. மருத்துவமனையும் அதையே சொல்லி அனுப்புகிறது. ஆனால் வலி கண்டதும் அதே பெண்ணை மேசையில் மல்லாத்திக் கால்களைத் தூக்கி வைக்கும் வழக்கம் நம் நாட்டுப் பிரசவ அறைகளில் இன்னும் மறையவில்லை. இந்த முரண்பாட்டைத்தான் நான் எதிர்க்கிறேன்.

குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்து நிறைமாதக் கருப்பை ஏறத்தாழ 5 கிலோ கனக்கும். மல்லாந்தால் அக்கனம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் கீழ்ப்பெருஞ்சிரையின் மீது இறங்குகிறது. மெல்லிய சுவருடைய அச்சிரை நசுங்க, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. பலருக்கு மாற்றுச் சிரைகள் ஈடுகட்டுகின்றன; சிலருக்கோ இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வருகிறது. இந்நிலையை மருத்துவ உலகம் 1953இலேயே பெயரிட்டு விவரித்துவிட்டது. சற்றே சாய்த்தால் போதும் என்பாருக்கு 2015இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வு விடை சொல்கிறது: 15 பாகை சாய்த்தும் சிரை விரியவில்லை, 30 பாகையில்தான் ஓரளவு விரிந்தது.

மருத்துவர் பார்த்துக் கையாள மல்லாந்த நிலையே எளிது என்பது எதிர்வாதம். ஆயுதப் பிரசவத்துக்கும் அவசரத்துக்கும் அது பொருந்தும். நிமிர்ந்த நிலையில் இரத்தப்போக்கு சற்று மிகக்கூடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயுதப் பிரசவம் குறைவதையும் அதே ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. ஆனால் விதிவிலக்குக்கு உரியதை எல்லாருக்கும் விதியாக்குவது மருத்துவமன்று, பழக்கம். தாய் விரும்பும் நிலையிலேயே பிரசவிக்க விடுக என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டு லக்ஷ்யா திட்டமும் அதையே சொல்கிறது. ஆணைக்குக் குறைவில்லை, அதை மேசைவரை கொண்டுவர மனமில்லை.

தீவுகளில் இதன் கனம் இன்னும் கூடுதல். கேம்பல் பேயிலிருந்து தலைநகரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கடல்வழி 500 கிலோமீட்டருக்கும் மேல். அனுப்பப்படும் கர்ப்பிணியைக் கப்பலில் எப்படிக் கிடத்துகிறோம் என்பதும் மருத்துவமே. மல்லாத்திக் கட்டிய ஸ்ட்ரெச்சர் நெடுநேரம் அவள் சிரையை அழுத்தும்.

போர்ட் பிளேரின் பெயரை 2024இல் ஓர் அறிவிப்பால் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்ற முடிந்தது. ஒரு கட்டிலில் பெண் எப்படிப் படுப்பது என்பதை மாற்ற எத்தனை அறிவிப்புகள் வேண்டும்? மாதப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொருத்திக்கும் காரணத்தோடு சொல்லுங்கள்: ஒருக்களித்துப் படுப்பது வீட்டுக் கட்டளையன்று, உன் இரத்தவோட்டத்தின் தேவை, பிரசவ அறையிலும் அதைக் கேட்டுப் பெறும் உரிமை உனக்கு உண்டு.