மகரந்தம் இல்லாத முள்ளங்கி

ஒரே முள்ளங்கிப் பூவுக்குள் ஆண் உறுப்பும் உண்டு, பெண் உறுப்பும் உண்டு. ஆனால் சில செடிகள் பளிச்சென்று பூத்தாலும் அவற்றில் மகரந்தம் மட்டும் இருக்காது. இவற்றுக்கு 'ஆண்மலட்டுச் செடி' என்று பெயர். வேறொரு செடியின் மகரந்தம் வந்து சேர்ந்தால் இவையும் காய்த்து விதை தரும்.

ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒகுரா, 1968-ல் இப்படியொரு முள்ளங்கியைப் பற்றி எழுதினார். விதை உற்பத்தியாளர்களுக்கு அது புதையல்! இரண்டு ரகங்களைக் கலந்து வீரிய ஒட்டுவிதை எடுக்க, ஒவ்வொரு குட்டிப் பூவிலும் மகரந்தப் பையைக் கையால் கிள்ள வேண்டியதில்லையே!

மகரந்தம் ஏன் இல்லை? காரணம், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா. இது தாய்ச்செடி தரும் சீதனம். மகரந்தம் வழியாகப் போவதில்லை. எனவே மகரந்தம் அழிந்தாலும் அதற்கு நஷ்டமில்லை. அதிலுள்ள 'ஓஆர்எஃப்138' என்ற மரபணுதான் மகரந்தத்தைத் தடுக்கிறது. செல்லின் உட்கருவும் சும்மா இருப்பதில்லை. அந்த மரபணுவை அடக்கி, மகரந்தத்தை மீட்டுத் தரும் வேறொரு மரபணுவை அது வைத்திருக்கிறது.

பிறகு ஆராய்ந்தபோது, ஜப்பானியக் கடற்கரைகளில் தானாக முளைக்கும் காட்டு முள்ளங்கிகளிலும் அதே 'ஓஆர்எஃப்138' இருந்தது. மீட்கும் மரபணுவும் சேர்ந்தே இருக்கும் செடிகளில் மகரந்தம் வழக்கம்போல் உருவாகும். குறை வெளியே தெரியாது.

இன்று முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், பிராக்கோலி ஆகியவற்றின் பல ஒட்டு ரகங்கள் இந்த முள்ளங்கியின் மைட்டோகாண்ட்ரியாவைச் சுமக்கின்றன. முதலில் முள்ளங்கியின் பசுங்கணிகமும் கூடவே வந்ததால், குளிரில் இலைகள் மஞ்சளாகின. 1980-களில் பிரான்ஸ் விஞ்ஞானிகள் செல்களை இணைத்து, மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் தக்கவைத்து அதைச் சரிசெய்தார்கள்.

ஆனால் எல்லாப் பயிரும் ஒரே தாய்வழியை நம்பியிருப்பது ஆபத்து. 1970-ல் அமெரிக்க மக்காச்சோளத்தின் பெரும்பகுதி, 'டெக்சஸ்' என்ற ஒரே ஆண்மலட்டு வகையிலிருந்து வந்தது. அந்த வகையைக் குறிவைத்துத் தாக்கிய ஒரு பூஞ்சை, நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதவிகிதத்தை அழித்தது.

அப்படியொரு நிலை நாளை காய்கறிகளுக்கு வந்தால் மாற்றுத் தாய்வழியை எங்கே தேடுவது? மணலில் களையாகக் கிடக்கும் காட்டு முள்ளங்கி போன்ற செடிகளில்தான். அவற்றை அழியாமல் காப்பதும் விவசாயம்தான்!