வாய்க்குமா பூட்டு?

திண்டுக்கல் என்றவுடன் பூட்டுத்தான் நினைவுக்கு வரும். வீட்டிற்குப் பூட்டுத் தேவை, வாய்க்குமா தேவை? உடலில் நோய் குடிபுகுந்த பின்னும் நாணத்தால் வாயைப் பூட்டிக்கொள்வது அறியாமையன்றோ?

ஆண்களின் விந்தகத்தில் தோன்றும் புற்றுநோயைப் பற்றியே எழுதத் துணிந்தேன். “கல்லூரி மலருக்கு ஏற்ற பொருளா இது?” எனச் சிலர் முகம் சுளிக்கலாம். இந்நோய் அரியது, நம் நாட்டில் ஆண்டுதோறும் இலட்சம் ஆண்களில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆனால், வந்தால் பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள்தான் வருகிறது. அதாவது, நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் வயதினருக்கு!

அறிகுறி என்ன? வலியில்லாத ஒரு கட்டி. அல்லது வீக்கம், பாரம். வலி இல்லாததே இதன் வஞ்சகம். காலில் முள் தைத்தால் விடுதி முழுவதும் அறியும். இவ்விடத்தில் கட்டி எழுந்தால் பெற்ற தாயும் அறியாள். ‘ஓதமாக இருக்கும்’ என்று பற்றுப் போட்டே மாதங்களைக் கழிப்போரும் உண்டு. நோயின் காரணத்தை ஆராய்ந்து மருத்துவம் செய்யச் சொன்ன வள்ளுவர் பிறந்த நாட்டில் இது தகுமா?

கண்டறிவது கடினமன்று. ஸ்கேன் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும். புற்றுநோய் என்ற ஐயம் வலுத்தால், கவட்டின் மேற்பகுதியில் கீறி அந்த விந்தகத்தை முழுமையாக அகற்றுவர். விதைப்பையில் ஊசி குத்திச் சோதிப்பதைத் தவிர்ப்பர். அதனால் நோயணுக்கள் பரவக்கூடும். ‘ஆண்மை போய்விடுமோ’ என்ற அச்சம் வேண்டாம். மற்றொரு விந்தகம் நலமாயிருந்தால் இல்லறத்திற்கும் மகப்பேற்றிற்கும் பொதுவாகக் குறைவில்லை. மருந்து ஏற்றுமுன் விந்தைச் சேமித்து வைக்கவும் வழியுண்டு.

ஒரு காலத்தில் இந்நோய் பரவிவிட்டால் பிழைப்பது அரிது. 1965இல் ரோசன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர், பிளாட்டினம் கலந்த சேர்மங்கள் உயிரணுப் பிரிவைத் தடுப்பதைக் கண்டார். அவ்வாறு கிடைத்த ‘சிஸ்பிளாட்டின்’ மருந்தை வேறு மருந்துகளுடன் சேர்த்து 1974இல் டாக்டர் ஐன்ஹார்ன் கொடுத்துப் பார்த்தார். மரணத்தின் வாயிலில் நின்றோர் மீண்டனர்! இன்று தொடக்கத்திலேயே கண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமடைகின்றனர்.

கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கை நாம் அறிவோம். 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் அவர். இதே இனப் புற்றுநோய் அவருக்கு நெஞ்சினுள் தோன்றியது. 2012இல் அமெரிக்கா சென்று அதே ஐன்ஹார்னிடம் சிகிச்சை பெற்றார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே சென்னை சேப்பாக்கத்தில் மீண்டும் மட்டை பிடித்தார். நோயை ஊரறியச் சொன்னதால் அவர் புகழ் குறைந்ததா? இல்லையே!

நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல்லும் ஒன்று. அருகில் மதுரை இருக்கிறது. 1954 முதல் பணிபுரியும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. இல்லாதது நம் துணிவு ஒன்றே.

ஆகவே, பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கொரு முறை, நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலாவது, மருத்துவர் ஒருவரை அழைத்து மாணவர்களிடம் இதைப் பற்றிப் பேசச் செய்யுங்கள். நண்பர்களே, குளிக்கும்போது கட்டி ஏதும் கைக்குத் தட்டுப்பட்டால், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். பூட்டு கதவோடு இருக்கட்டும்!