திசுவுக்கும் உண்டு பொன்னான நேரம்

மார்பகப் புற்றுநோய் ஒரே நோயன்று. ஒரே பெயரில் வழங்கும் பல நோய்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய மூன்று உயிரிக்குறியீடுகள் கட்டித் திசுவில் உள்ளனவா என்று பார்த்த பிறகே, எந்த மருந்து பயன் தரும், நோய் மீண்டும் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை மருத்துவர் சரியாகக் கணிக்க முடியும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். சுமார் 98 ஆயிரம் பேர் உயிரிழந்தனர்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தப் பரிசோதனையின் மதிப்பை நான் இப்படிக் கணக்கிடுகிறேன். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவர்கள் ஐந்தாண்டுகள் டமாக்சிபென் உட்கொண்டால், 15 ஆண்டுகளில் இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அது விலை மலிந்த மாத்திரை. ஏற்பி இல்லாதவர்களுக்கோ அதனால் பயனில்லை. ஹெர்-2 மிகுந்தவர்களுக்கான டிராஸ்டுசுமாப், 2015-இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. ஆயினும் அது செலவு மிக்க மருந்தே. ஆகவே, முடிவு ஒருபுறம் தவறினால் மலிவான மருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர் அதை இழக்கிறார்; மறுபுறம் தவறினால் பயனற்ற சிகிச்சைக்குப் பணம் கரைகிறது.

இது வெறும் அச்சமன்று. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட ஏற்பிப் பரிசோதனைகளில் ஏறத்தாழ 400 பெண்களின் முடிவுகள் தவறாக இருந்தன. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009-இல் அறிக்கை அளித்தது. வசதி மிக்க நாட்டிலேயே தரக்கட்டுப்பாடு தளர்ந்தால் இந்நிலை.

எங்கள் இராமநாதபுரம், 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் இங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது பெரும் பேறு. ஆனால், கட்டடத்தைவிட நுட்பமான ஒன்று தேவைப்படுகிறது. எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் 10 விழுக்காடு ஃபார்மலின் கரைசலில் இட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் இருக்க வேண்டும். ராமேசுவரத்திலிருந்து மதுரை சுமார் 170 கி.மீ. நம் வெயிலில், உரிய கரைசலின்றித் திசு பயணப்பட்டால், உள்ள ஏற்பியும் இல்லாததாகத் தோன்றிவிடும்.

மரபணுச் செயல்பாட்டை அளந்து கணிக்கும் வெளிநாட்டுப் பரிசோதனைகள் எளியவர்களுக்கு எட்டாத விலையில் உள்ளன. பெங்களூருவில் உருவான 'கேன்அசிஸ்ட் பிரெஸ்ட்' அதற்கொரு மாற்று. எதுவாயினும், அடிப்படை அதே திசுத்துண்டுதான்.

எனவே, கட்டி அறுவை நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் தயார்நிலையில் ஃபார்மலின் புட்டிகள், திசு எடுத்த நேரத்தையும் கரைசலில் இட்ட நேரத்தையும் குறிக்கும் சீட்டு, மாவட்டத்திலிருந்து தரச்சான்று பெற்ற ஆய்வகத்துக்கு வாரத்தில் குறித்த நாள்களில் செல்லும் வாகனம், மூன்று குறியீடுகளுக்கும் கட்டணமில்லாப் பரிசோதனை ஆகியவற்றை அரசு உறுதிசெய்ய வேண்டும். அறிக்கையின் நகலும் மெழுகுக் கட்டையில் பதித்த திசுவும் நோயாளி கேட்டவுடன் கிடைக்க வேண்டும். ஐயம் எழுந்தால் மறு ஆய்வுக்கு அவையே ஆதாரம். இவற்றுக்கு ஆகும் செலவு, தவறான மருந்தின் ஒரு சுற்றுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.