வீட்டுக்குள் வராத சிக்னல்



போன மாதம் எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடிப் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். மருமகள் 108-க்குப் போன் போட்டால் லைன் போகவேயில்லை. மொட்டைமாடிக்கு ஓடி, அங்கே நின்று விலாசம் சொல்லியிருக்கிறாள். மாமியார் கீழே வலியில் கிடக்க, இவள் மேலே! கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

'டவர் சரியில்லை' என்று எல்லாரும் திட்டுகிறோம். அது பாதி உண்மைதான். எங்கள் பிள்ளைச்சாவடிக்குக் கிழக்கே கடல்; அங்கே யாரும் டவர் நட முடியாது. மேற்கே ரோட்டுப் பக்கமிருந்து வரும் அலை, கம்பி கட்டின கான்கிரீட் சுவர்கள் நாலைத் தாண்டிக் கடல் பார்த்த அறைக்கு வருவதற்குள் நொந்துபோகிறது. 2022 அக்டோபரில் வந்த 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது. பழைய 900 மெகாஹெர்ட்ஸ் அலை அளவுக்கு அது சுவரைத் துளைக்காது. புதுசு என்று பெயர், சுவருக்கு முன்னால் சோனி!

மால், விமான நிலையம், மெட்ரோ சுரங்கங்களில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். கட்டடத்துக்குள்ளேயே கருவி வைத்து, கேபிள் இழுத்து, மாடிக்கு மாடி சீலிங்கில் சின்ன ஆன்டெனா பொருத்துகிறார்கள். டேங்க்கிலிருந்து குழாய்க்குழாயாகத் தண்ணீர் விடுவது மாதிரிதான்.

எங்கள் சங்கக் கூட்டத்துக்கு ஒரு கம்பெனி ஆள் வந்தார். "இலவசமாப் போட்டுத் தர்றோம், ஆனா எங்க லைன் மட்டும்தான்" என்றார். ஆண்கள் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்களாம். எங்கள் வீட்டிலேயே மூன்று பேருக்கு மூன்று கம்பெனி சிம்! இப்படி ஒருவருக்கே கட்டடத்தை எழுதிக் கொடுக்கக் கூடாது, எல்லாரும் பங்கிட வேண்டும் என்று டிராய் 2017 ஜனவரியிலேயே பரிந்துரை செய்திருக்கிறது. 2024 அக்டோபரில் கட்டடங்களுக்கு நட்சத்திர மதிப்பெண் தரும் விதிமுறையும் கொண்டுவந்தது. ஆனால் உரிமையாளர் விரும்பினால்தான் விண்ணப்பிப்பார். அப்புறம் என்ன? ஃப்ளாட் வாங்கும்போது வாஸ்து கேட்கிறோம், நல்ல தண்ணீர் கேட்கிறோம். சமையலறையில் போன் எடுக்குமா என்று யாராவது கேட்டோமா?

கர்ப்பமாயிருக்கும் எதிர்வீட்டுப் பெண் கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறாள். அந்தப் பயத்தைக் கேலி செய்யமாட்டேன். ஆனால் சிக்னல் குறையக் குறைய, காதோடு ஒட்டிய நம் போன்தான் சக்தியைக் கூட்டி அனுப்புகிறது. பக்கத்தில் சின்ன ஆன்டெனா இருந்தால் அது தணிந்துவிடும். டவர்களுக்கு 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டு வரம்பு, சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்கு.

ஒருவர் ஆன்லைனில் 'பூஸ்டர்' வாங்கப்போனார். அனுமதியில்லாமல் வைப்பது சட்ட விரோதம். தெரு முழுக்க லைன் கெடும். பிராட்பேண்ட் இருப்பவர்கள் போனில் வைஃபை காலிங்கைப் போட்டுக்கொள்ளலாம், தனிக் காசில்லை. என்ன, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் கரண்ட் போனதே, அப்படியானால் மோடமும் போச்சு. புதுக் கருவிக்கும் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டே ஆகணும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நாங்கள் ஆறு பெண்கள் போகிறோம். வேறு ஊரில் இந்தக் கருவி வைத்திருக்கும் தோழிகள் யாராவது, அதன் கரண்ட் பில் யார் தலையில் விழுகிறது என்று எழுதுங்களேன்.

– ஒரு வாசகி, பிள்ளைச்சாவடி, புதுச்சேரி