ஒண்ணும் செய்யாதுங்க!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நாய் பிடிக்கும். எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாய் இருக்கிறது. என்னைவிட நேரத்துக்குச் சாப்பிடும். ஆகவே இதைப் படித்துவிட்டு "இவனுக்கு நாய் என்றாலே ஆகாது போல" என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம் :-)

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நண்பர்கள் நாலு பேர் கழுகுமலைக்குக் கிளம்பினோம். சங்கரன்கோவிலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தானே, பைக்கிலேயே போய்விடலாம் என்றால் ஒருவன் மட்டும் மாமாவின் ஆம்னி வேனை வாங்கி வந்து நின்றான். ஏன் என்று பின்சீட்டைப் பார்த்ததும் தெரிந்தது. அவனுடைய ராஜபாளையம் நாய் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

கழுகுமலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மொத்த மலையும் ஒரே பாறை. ஒரு பக்கம் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயில். இன்னொரு பக்கம் வரிசையாகச் சமணச் சிற்பங்கள். இரண்டுமே பாண்டியர் காலம், 8, 9ஆம் நூற்றாண்டு வேலை. ஏறும் வழியில் சரிவான இடங்களில் ஒருவர் ஏற, ஒருவர் இறங்கத்தான் தோதுப்படும்.

அப்படி ஒரு இடத்தில்தான் ஒரு ஆச்சி பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். நண்பன் சங்கிலியை ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தான். நாய் நாலே தாவலில் அவர்கள் முன்னால் போய் நின்று மோப்பம் பிடித்தது. கடிக்கவில்லை, குரைக்கக்கூட இல்லை. நண்பன் கீழேயிருந்து சத்தமாக, "ஒண்ணும் செய்யாது ஆச்சி, சும்மா மோந்து பாக்கும்" என்றான். அதற்குள் பிள்ளை பயந்து பின்னால் கால் வைத்து, வழுக்கி, முட்டியைத் தேய்த்துக்கொண்டது.

ஆச்சி திட்டவில்லை. "ஒன் நாய் ஒண்ணும் செய்யலய்யா, எம் பேத்தி முட்டியப் பாரு" என்றார். அவ்வளவுதான். எங்கள் நாலு பேருக்கும் வாய் அடைத்துப்போனது.

வீட்டுக்கு வந்தபிறகும் இதே யோசனைதான். தெருவில் நாய் வந்தால் நாம் எதிர்ப்பக்கம் போய்விடலாம். பாறையில் எங்கே ஒதுங்குவது? ஒரு அடி பின்னால் வைத்தால் சரிவு. "ஒண்ணும் செய்யாது" என்பது நாயின் குணத்தைப் பற்றிய நற்சான்றிதழ். எதிரில் நிற்பவரின் பயத்துக்கும் காலுக்கும் அது உத்தரவாதம் தராது. நாயை அழைத்துப் போகிற சந்தோஷம் முழுக்க நம் கணக்கில் வரவு, பற்று மட்டும் ஆச்சி கணக்கில். (பி.காம் படிக்கிறவன் வேறு எப்படி யோசிப்பான்?)

நாங்கள் போனது சும்மா நடந்து ஏற. கர்நாடகத்தில் பாதாமி, ஹம்பி பக்கம் கயிறு கட்டியோ வெறுங்கையாலோ பாறை ஏறவே வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அங்கே இந்தப் பிரச்சினை இன்னும் பெரிசு. மேலே ஒருவர் தொங்கிக்கொண்டிருக்க, கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலே இருப்பவரின் உயிர் அந்தக் கையில். அந்த நேரம் ஒரு நாய் வந்து காலைச் சுற்றினால் அவர் குனிந்து விரட்ட முடியுமா? தரையில் கிடக்கும் கயிற்றை நாய் மிதித்தால் மணல் உள்ளே ஏறி இழையை அறுக்கும். சரி, கட்டிப்போடலாம் என்று பாறைக்கு நேர் கீழே கட்டினால், மேலிருந்து உருளும் கல் முதலில் அதன் தலையில்தான் விழும். தூரத்து மரத்தில் கட்டிவிட்டுப் போனால் நாள் முழுக்க ஊளை. பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு இருந்தால்... வேண்டாம், அதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

அமெரிக்காவில் ஜோசுவா ட்ரீ என்று பாறை ஏறுபவர்களுக்குப் பேர்போன தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே சாலை, முகாம் இடங்களிலிருந்து 100 அடிக்கு மேல் நாயைக் கொண்டுபோகக் கூடாது, கயிறும் 6 அடிக்கு மேல் நீளம் கூடாது. நாயைக் குடும்பத்தில் ஒருவராக நடத்துகிற நாட்டிலேயே இப்படி!

"ஊர் ஆடு மேயுது, தெருநாய் திரியுது, என் நாய் மட்டும் என்னலே பாவம் பண்ணுச்சு?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆடும் தெருநாயும் அந்த ஊர்க்காரர்களுடையவை, அவர்களுக்குப் பழகியவை. நாம் ஒரு நாள் விருந்தாளி. அடுத்து அவன் அய்யனாரை இழுத்தான். கிராமத்து அய்யனார் கோயிலில் நாய்ச் சிலை இருக்கிறதே, சாமியே கூட்டிப்போகிறாரே என்று. தருமர்கூட நாயோடுதான் மலை ஏறினார் என்றான். ஏறினார்தான். ஆனால் அந்த வழியில் பேத்தியோடு இறங்கிவந்த ஆச்சி யாரும் இல்லையே!

ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2005இல் தபால்தலை போட்டுக் கௌரவித்த இனம்தான், நம்ம பக்கத்துப் பெருமைதான். ஆனால் இந்த வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேட்காதவை நிறைய உண்டு. "கூப்பிட்டா வந்துரும்" என்று நம்பி அவிழ்த்துவிடும் முன், அதற்கு நீங்கள் கூப்பிடுவது கேட்கிறதா என்றாவது பாருங்கள். வேட்டைக்கு வளர்த்த இனம் வேறு. ஓணான் ஓடினால் அது உங்களை மறந்துவிடும்.

மேற்கே மலைத்தொடர்ப் பக்கம் விஷயம் வேறு. 2021இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம், அங்கே நாயைக் கூட்டிப்போகும் பேச்சே எடுக்கக்கூடாது. 2018இல் குஜராத் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் பலவற்றிடம் இருந்தது.

என் கட்சி இதுதான். சிற்பம் இருக்கிற, சாமி கும்பிடுகிற பாறைக்கு நாய் வேண்டாம், கயிற்றோடும் வேண்டாம். மற்ற பாறைகளுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் மலை ஏறாமல் நாயை மட்டும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூட வரவேண்டும். கயிறு கையில் இருக்க வேண்டும், அது போட்டதை அள்ளிவர ஒரு பையும் வேண்டும். அந்த ஆள் கிடைக்கவில்லையா, நாய் வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. 11 மணிக்கெல்லாம் பாறை கொதிக்க ஆரம்பித்துவிட்டது. நமக்குச் செருப்பு இருக்கிறது. நாய் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி நின்றது. புறங்கையைப் பாறையில் வைத்துப் பார்த்தேன், ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். கடைசியில் கிட்டத்தட்ட 25 கிலோ நாயை நாங்கள் மாறிமாறித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அடிவாரத்தில் டீக்கடை பெஞ்சில் அந்த ஆச்சி உட்கார்ந்திருந்தார். நாய் நாக்கைத் தொங்கப்போட்டிருந்ததைப் பார்த்துக் கடைக்காரரிடம் ஒரு சட்டியில் தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்தார். பேத்தி மட்டும் பெஞ்சுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள்.