ஏற்காட்டுக்கு ராகுவா, கேதுவா?

636601. ஏற்காட்டோட பின்கோடு. டூர் போனப்ப, அடிவாரம் தாண்டி முதல் ஹேர்பின் வளைவு வர்றதுக்குள்ள பக்கத்து சீட் நண்பன் இதைக் கூட்டிட்டான். 6+3+6+6+0+1 = 22. 2+2 = 4. "நாலுன்னா ராகுடா. அதான் பஸ் இப்படி ஆடுது."

சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா ப்ளேஸ்மென்ட்டுக்கு முன்னாடி, வீட்டுல சொன்னாங்கன்னு ரெஸ்யூமேல தன் பேருக்கு நடுவுல ஒரு 'ஏ' சேர்த்தவனும் இவன்தான். மார்க் ஷீட்ல அந்த 'ஏ' கிடையாது, ஆதார்லயும் கிடையாது. ஒரு இன்டர்வியூவுல பாதி நேரம் அதை விளக்குறதுலயே போச்சு. அதே பேரைத் தமிழ்ல எழுதினா 'ஏ'வுக்கு இடமே இல்லைங்கிறது வேற கதை.

சரி, ஒரு எண்ணோட குணம்னா என்ன? அதே 636601-ஐ எடுங்க. இது 636636-ல 35 குறைவு. 636636 = 636 × 1001. அந்த 1001 = 7 × 11 × 13. அதனால 35-ஐ மட்டும் பார்த்தா போதும்: ஏழால வகுபடும், பதினொண்ணு, பதிமூணால வகுபடாது. கால்குலேட்டரே வேண்டாம். ஏழால வகுத்தா 90943. அதுக்கப்புறம் 17, 19, 23-ன்னு பகா எண்களை ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கணும். இருபது வளைவும் முடிஞ்சு, ஏரி வந்த பிறகுதான் 199 சிக்குச்சு. 636601 = 7 × 199 × 457.

மூணு வெவ்வேறு பகா எண்களோட பெருக்கல். இந்த வகைக்கு ஸ்ஃபீனிக் எண்ணு பேரு. கிரேக்க மொழியில 'ஆப்பு'ங்கிற சொல்லுல இருந்து வந்தது (நிஜமாவே). வகுத்திகள் சரியா எட்டு. தன்னை விட்டுட்டு மத்த ஏழையும் கூட்டினா 96199 தான், அதனால குறைவெண்.

இப்போ டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ்ல படிச்ச ஆக்டலுக்கு மாத்துங்க: 2333271. இலக்கங்களைக் கூட்டினா இருபத்தொண்ணு, ஆக்டல்ல அது 25. 2+5 = 7. ராகு போய் கேது வந்தாச்சு! நமக்கு எட்டு விரல் இருந்திருந்தா ஏற்காட்டோட கிரகமே வேற. பத்தடிமானத்துல இலக்கத்தைக் கூட்டுறது ஒன்பதால வகுத்தா வர்ற மீதி, ஆக்டல்ல ஏழால வகுத்தா வர்ற மீதி. அவ்வளவுதான் விஷயம். ஆனா அந்த மூணு பகா எண்களை எந்த அடிமானத்துல எழுதினாலும் அசைக்க முடியாது. நியூமராலஜிக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: அவங்க சொல்ற குணம் எண்ணோடதா, நாம எழுதுற முறையோடதா?

நியாயமா ஒண்ணு சொல்லணும். 7 × 199 × 457-க்கும் ஏற்காட்டு காபிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல வந்த முகவரி முறை. 6 நம்ம தென்கோடி மண்டலம், 636 சேலம் பக்கம், 601 அஞ்சலகம். வேற நம்பர் கொடுத்திருந்தாலும் மிளகுக்கொடி அதே சில்வர் ஓக்லதான் ஏறியிருக்கும்.

இறங்கும்போது சேலம் தலைமை அஞ்சலகத்தோட 636001-ஐ எடுத்தோம். 636-ல 1 போனா 635. ஏழும் இல்ல, பதினொண்ணும் இல்ல, பதிமூணும் இல்ல. பதினேழுல இருந்து நண்பனே போட ஆரம்பிச்சுட்டான்.