வீட்டுக்கு வந்த பிறகு



ஈப்போ மேரு ராயாவில் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கட்டிய நரம்பியல் மறுவாழ்வு மையம் 2024-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் சொக்சோவின் மறுவாழ்வு சிகிச்சை என்றால் மலாக்கா வரை போகவேண்டும். சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். நடை பழக்க ரோபோ இயந்திரங்களோடு அந்த வசதி நம் ஊருக்கே வந்திருப்பதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி.

அதன் தேவை சாலையிலேயே தொடங்குகிறது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். ரப்பர் தோட்டங்களை விட்டுத் தாமான் வீடமைப்புகளுக்கு வந்த நம் குடும்பங்களுக்கு மோட்டார்தான் கால். விடியற்காலை ஷிப்டுக்குத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைக்கு வேறு வழி இல்லை. ஹெல்மெட் சட்டம் 1973-லேயே வந்துவிட்டது. ஆனால் வார் பூட்டாத ஹெல்மெட் விழும்போது தலையில் நிற்பதில்லை.

தலையில் அடிபட்டும் உயிர் பிழைத்து வீடு திரும்பியவர்களைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும். கட்டுப் பிரித்தாயிற்று, நடக்கிறார், சாப்பிடுகிறார். உறவினர்கள் பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கான்" என்று சொல்லிப் போகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், ஆள் மாறியிருப்பது. காலையில் சொன்னது மதியம் நினைவில் இல்லை. சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறார். முன்பு ஓடி ஓடி உழைத்தவர், சட்டை மாட்டிக்கொண்டதும் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறார்.

வேகமாகப் போன தலை சட்டென்று மோதி நிற்கும்போது மூளை உள்ளே குலுங்கித் திருகுகிறது. நுண்ணிய நரம்பிழைகள் அறுந்துபோகின்றன. ஸ்கேன் படத்தில் அது தெரியாமலும் போகலாம். கோபத்தை அடக்குவதும், ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் பொறுப்பு. அடி அங்கே பட்டிருந்தால், நாம் திமிர் என்றும் சோம்பல் என்றும் திட்டுவது காயத்தைத்தான். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். முதல் ஆறு மாதங்களில் தேறுதல் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாக, ஆண்டுக்கணக்கில் தொடரும். மூளை புதிய வழிகளைக் கற்றுக்கொள்ள அதே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும்.

அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. சாவிக்கு ஓர் இடம், மருந்துக்கு ஓர் இடம். அதை மாற்றவே கூடாது. அன்றைய வேலைகளைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பேசும்போது தொலைக்காட்சியை அணையுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்துக்கு அழைத்துப் போகலாம்; ஆனால் உறுமி மேளமும் கூட்டமும் அவரைச் சோர்வடையச் செய்துவிடும் என்பதால் சீக்கிரம் திரும்புங்கள். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவேண்டாம். மது வேண்டவே வேண்டாம்.

உரிமையையும் விடாதீர்கள். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. போலீஸ் புகாரின் நகலைப் பத்திரப்படுத்தி, முதலாளியிடம் உடனே சொல்லுங்கள். சொக்சோவுக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது அவர் கடமை. உணவு விநியோகம் செய்யும் பிள்ளைகளுக்கு 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் சொக்சோ திட்டம் 2007 முதல் நடக்கிறது, கேட்டு வாங்கவேண்டும்.

ரப்பர் தோட்டக் காலத்தில், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் தலைக்காயத்துக்குக் கட்டு உண்டு, பேச்சுப் பயிற்சி கிடையாது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தோட்டத்து லயத்தில் ஒருவர் படுத்துவிட்டால், பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து உட்காருவார், இன்னொரு வீட்டிலிருந்து கஞ்சி வரும். இன்று தாமானில் கேட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மனைவியோ தாயோ தனியாகப் போராடுகிறார். இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

உங்கள் வரிசையில் அப்படி ஒரு வீடு இருந்தால், இந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் போய் அடிபட்டவரோடு உட்காருங்கள். அவரைப் பராமரிக்கும் அந்த அம்மா சந்தைக்கோ கோவிலுக்கோ போய் வரட்டும். பராமரித்துக்கொண்டிருப்பவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். உங்களுக்குப் பயன்பட்ட வழி அடுத்த இதழில் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அன்புடன்,
ஆசிரியர்